எந்த பேட்ச் நீ?

குக்கர் இரண்டாவது விசில் அடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தெரியாத நம்பர். தெரியாத நம்பரை நான் எடுப்பேன், ஆனால் முதலில் பேச மாட்டேன். அந்தப் பக்கம் எப்படி ஆரம்பிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

"வணக்கம் மேடம். இப்ப பேசலாமா? வேலையா இருந்தீங்கன்னா எப்ப கூப்பிடணும்னு நீங்களே சொல்லுங்க."

இளம்பெண் குரல். நிதானமான குரல். இந்த மாதிரி அழைப்புகளில் வழக்கமாக இருக்கும் படபடப்பு துளியும் இல்லை. நான் அடுப்பைக் குறைத்துவிட்டு, "சொல்லும்மா" என்றேன்.

என் கணவர் பெயரில் பழைய இன்ஷூரன்ஸ் பாலிசி ஒன்று பாதியில் நின்றுபோயிருக்கிறதாம். அதற்கு போனஸ் சேர்ந்து கிடக்கிறதாம். அதை விடுவிக்க ஒரே ஒரு நடைமுறைதான் பாக்கியாம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் ஒரு விமானம் கூரையை உரசுகிற மாதிரி பெரிய சத்தத்தோடு போனது. அவள் பேச்சை நிறுத்தி, அது போகும்வரை காத்திருந்து, "சாரி மேடம், சத்தம்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

நான் எப்போது நாற்காலியில் உட்கார்ந்தேன், எப்போது எழுந்து பீரோவைத் திறந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பாலிசி கவர் மீது என் கை இருந்தது. நானா! காய்கறிக்காரர் தராசைத் தட்டிப் பார்க்கச் சொல்கிறவள், பால் பாக்கெட்டில் தேதியை இரண்டு முறை படிக்கிறவள், ஆட்டோவில் ஏறும் முன் கட்டணத்தைக் கேட்டு, இறங்கும்போது மறுபடி ஞாபகப்படுத்துகிறவள்.

"வேற ஏதாவது கேக்கணும்னா கேளுங்க மேடம்," என்றாள் அவள் கடைசியாக. "நான் அவசரப்படல."

என் கை அப்படியே நின்றுவிட்டது.

அது என் வாக்கியம். 'இப்ப பேசலாமா' என்று தொடங்கியது என் பாடம். சத்தம் வந்தால் அதோடு போட்டி போடாமல் நிறுத்திவிட்டு மன்னிப்புக் கேட்பதும் என் பாடம்.

"எந்த பேட்ச் நீ?" என்று கேட்டேன்.

உடனே போன் கட்டானது. திரும்பக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். சமையலறையிலிருந்து என் கணவர், "எத்தனை விசில் விடணும்னு யாராவது சொல்றீங்களா?" என்று கத்திக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பருப்பு கூழாகிவிட்டது.

டவுட் மேம்

போன வாரம் இந்தப் பத்தியில் என் சந்தேக புத்தியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, 'உங்கள் சந்தேகத்தால் யாருக்காவது எப்போதாவது நல்லது நடந்திருக்கிறதா?' என்று கேட்டிருந்தார். கேள்வியில் ஊசி இருக்கிறது. இருந்தாலும் பதில் சொல்கிறேன்.

தாம்பரத்தைத் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கல்லூரியில் நான் காமர்ஸ் டீச்சர். இரும்புலியூரில் வீடு. மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் 'டவுட் மேம்'. அவர்கள் சந்தேகத்தை நான் தீர்த்து வைக்கிறேன் என்று அர்த்தமில்லை. அவர்கள் லீவ் லெட்டரை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதால் வந்த பெயர்.

சில வருஷங்களுக்கு முன் பி.பி.ஏ. பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு பாடம் வந்தது. பேச்சுத் திறன், அலுவலகப் பழக்கவழக்கம், குழு விவாதம், நேர்காணல் எல்லாம் சேர்ந்த பாடம். இங்கிலீஷ் டிபார்ட்மெண்ட், "இது எங்க வேலை இல்லை" என்று கையை விரித்துவிட்டது. எனக்கு அந்த வருஷம் வகுப்பு நேரம் குறைவாக இருந்தது. பாடம் என் தலையில் விழுந்தது.

முதலில் வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார்கள். சித்திரை வெயிலில் கோட் போட்டுக்கொண்டு வந்தார். ஏ.சி. இல்லாத ஹாலில் அவர் வேர்த்து விறுவிறுத்து, 'எப்போதும் சிரித்த முகத்தோடு இருங்கள்' என்று சொல்லிக்கொடுத்தார். கை குலுக்கும்போது எவ்வளவு அழுத்த வேண்டும், எதிராளியின் கண்ணை எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்றெல்லாம் செய்து காட்டினார். அவர் போன பிறகு எழுபது பிள்ளைகளும் ஒரே மாதிரி சிரித்தார்கள். நேர்காணலில் கேட்டால் எழுபது பேருக்கும் பலம் கடின உழைப்பு. எழுபது பேருக்கும் பலவீனம், எல்லோரையும் சுலபமாக நம்பிவிடுவது. இந்த வயதில் ஒரு கூட்டமே நெஞ்சில் கை வைத்து, 'நான் எல்லோரையும் நம்பிவிடுவேன்' என்று மனப்பாடமாகச் சொன்னது எனக்கு நல்லதாகப் படவில்லை.

சிரிப்பை நான் நம்ப மாட்டேன். அதனால் என் வகுப்பில் முகமே இல்லாத ஒரு பயிற்சியை வைத்தேன்.

முதுகோடு முதுகு

இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போடுவேன். ஒருவர் போன் செய்கிறவர், இன்னொருவர் எடுக்கிறவர். முகம் தெரியாது. கை ஆட்டிப் பிரயோஜனம் இல்லை. குரலை வைத்துத்தான் எல்லாம் நடக்க வேண்டும். கோபமான வாடிக்கையாளர், காது கேட்காத பெரியவர், பணம் தராமல் இழுத்தடிக்கிற டீலர் என்று நான் ஒரு சூழ்நிலை கொடுப்பேன்.

இதை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பு மேற்குத் தாம்பரத்தில் ஒரு காஸ் ஏஜென்சியில் போன் எடுக்கும் வேலை பார்த்தேன். சிலிண்டருக்குப் பதிவு செய்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கிற காலம் அது. காலையில் ரிசீவரை எடுத்தால் சாயங்காலம் வரைக்கும் திட்டுதான். பாதிச் சமையலில் அடுப்பு அணைந்துபோனவர், வீடு நிறைய விருந்தாளிகளை வைத்துக்கொண்டு தவிக்கிறவர். என்னிடம் கொடுக்க சிலிண்டர் இல்லை. கொடுக்க முடிந்தது கொஞ்சம் நேரம்தான். "நீங்க சொல்லி முடிங்க, நான் அவசரப்படல" என்பேன். எவ்வளவு கோபமாக இருந்தாலும் அந்த வார்த்தைக்குப் பிறகு ஒரு பெருமூச்சு வரும். அதற்கப்புறம் மனிதர்கள் மனிதர்களாகப் பேசுவார்கள்.

அந்த வாக்கியத்தை நான் வகுப்பில் கொடுத்தேன். பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. கேன்டீனில் தோசை லேட்டானால்கூட மாஸ்டரிடம், "நான் அவசரப்படல அண்ணா" என்று கிண்டல் செய்வார்கள்.

இப்போது அதே வாக்கியம் என் பீரோவைத் திறக்க வைத்திருக்கிறது. என் வாய் வார்த்தையை எடுத்து எனக்கே வலை விரித்திருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஆத்திரம் அடங்கிய பிறகு பயம் வந்தது. என் மாணவி ஒருத்தி அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்கு நான். நாளைக்கு யாரோ ஒரு பெரியவர் பணத்தைத் தொலைத்துவிட்டு போலீசுக்குப் போவார். போலீஸ் பிடிக்கும்போது முதலில் சிக்குவது முதலாளியா, போனில் பேசியவளா? எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அதற்குள் அவளை நான் கண்டுபிடிக்க வேண்டும்.

"புகார் குடுத்துட்டு விடேன்," என்றார் என் கணவர்.

"குடுக்கலாம். அவ யாருன்னு தெரிஞ்சப்புறம்."

"அவ நம்மள ஏமாத்தப் பாத்தா. நீ அவளுக்காகக் கவலைப்படறே."

"நல்லாப் பேசறான்னு மார்க் போட்டது நான்தானே?"

காலி வகுப்பில் ஒருத்தி

அது கடைசி செமஸ்டர். அந்தச் சில வாரங்கள் மூன்றாம் வருஷப் பிள்ளைகளுக்கு வகுப்பு கிடையாது. ஏதாவது ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்து சான்றிதழ் கொண்டுவர வேண்டும். என் பாடத்தில் தேறுவதற்கே அந்தச் சான்றிதழ் வேண்டும்.

மனசுக்குள் குரல்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். நன்றாகப் பேசுகிறவர்கள், நான் கைதட்ட வைத்தவர்கள். எப்படிச் சுற்றினாலும் ஒரு பெயரில் வந்து நின்றது. மோனிஷா. கேளம்பாக்கம் பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். நேரில் பேசச் சொன்னால் துப்பட்டா நுனியைத் திருகுவாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வேறு ஆள். கோபமான வாடிக்கையாளராக நடித்த பையனே ஒருமுறை, "சாரிங்க, நான்தான் கத்திட்டேன்" என்று அவளிடம் மன்னிப்புக் கேட்டான்.

மறுநாள் கல்லூரிக்குப் போனேன். மூன்றாம் வருஷ வகுப்பு பூட்டியிருக்க வேண்டும். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மோனிஷா தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். மீன் குழம்பு வாசனை வகுப்பு முழுக்க இருந்தது.

இன்டர்ன்ஷிப் நேரத்தில் இவளுக்கு இங்கே என்ன வேலை? என் சந்தேகம் இன்னும் கெட்டிப்பட்டது.

"இன்னிக்கு லீவா?"

"ஆமா மேம்." துப்பட்டா நுனி விரலுக்குப் போய்விட்டது.

நான் ஒன்றும் சொல்லாமல் இரண்டு நாற்காலிகளை இழுத்து முதுகோடு முதுகாகப் போட்டேன். "உக்காரு. நான் எடுக்கறவ. நீ கூப்பிடறவ. நின்னுபோன இன்ஷூரன்ஸ் பாலிசி பத்தி ஒரு அம்மாகிட்ட பேசற."

மேலே மின்விசிறி கிறீச்சிட்டது.

"இந்த டாபிக் வேணாம் மேம். வேற குடுங்க."

"ஏன்?"

"வேணாம் மேம்."

எழுந்து போய் அவள் முகத்தைப் பார்க்க என் கால் துடித்தது. பார்த்திருந்தால் அவள் வாயை மூடியிருப்பாள். உட்கார்ந்தே இருந்தேன். காத்திருக்கத்தானே நான் சொல்லிக்கொடுத்தேன்.

"நான்தான் மேம் அவங்களுக்குக் கத்துக் குடுத்தேன்," என்றாள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

பிறகு தானாக வந்தது.

"பிளேஸ்மெண்ட் சார்தான் எங்கள அனுப்பினாரு. பொழிச்சலூர்ல, ஏர்போர்ட்டாண்ட, ஒரு பேக்கரிக்கு மேல் மாடி. மொத நாளு அங்க இருக்கற சார் கேட்டாரு, உங்க காலேஜுல போன் பேச கத்துக் குடுத்தாங்களான்னு. எனக்கு ஒரே பெருமையா பூட்ச்சி மேம். எழுந்து நின்னு நீங்க சொன்ன மாதிரியே ஃபுல்லா பேசிக் காட்டினேன். 'நான் அவசரப்படல' வரைக்கும். அவரு செல்லுல ரெக்கார்ட் பண்ணிக்கினாரு. அடுத்த நாள்லருந்து எல்லாருக்கும் அதான் பாடம்."

"நீ எத்தனை நாள் பேசினே?"

"கொஞ்ச நாளு. நெஜமாவே பாலிசி ஆபீஸுன்னு நெனச்சிக்கினு பேசினேன் மேம். ஒரு வயசான அம்மா, 'நீ எவ்ளோ மரியாதையா கேக்கற கண்ணு, என் புள்ள கூட இப்டி கேக்க மாட்டான்'ன்னு அழுதுச்சி. பணத்த அனுப்பிட்டேன், எப்ப வரும்னு கேட்டுச்சி. நான் சாராண்ட போய் எப்ப வரும்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க மேம். அன்னிக்கே எறங்கி வந்துட்டேன்."

அவள் அழுகிறாள் என்பது நாற்காலி ஆடியதில் தெரிந்தது. என் நாற்காலியும் அதோடு ஆடியது.

"வீட்ல சொன்னியா?"

"இன்னான்னு சொல்றது? எங்கம்மா மார்க்கெட்ல மீன் வாங்க வர்றவங்க கிட்டல்லாம், எம்பொண்ணு ஆபீஸ் போவுதுன்னு சொல்லிகினு கீது. டெய்லி டிபன் கட்டிக் குடுக்குது. நான் இங்க வந்து துன்னுட்டு வூட்டுக்குப் போறேன்."

எனக்குப் போன் செய்தவள் இவள் இல்லை. அப்படியானால் யார் என்று, எனக்குப் போன் வந்து கட்டானதைச் சொல்லிக் கேட்டேன்.

"பேரு கேக்காதீங்க மேம். நம்ம காலேஜு பொண்ணுங்க இன்னும் உள்ள கீறாங்க. எங்க எல்லார் பேர்லயும் சிம்மு வாங்கித்தான் பேச வெக்கிறாங்க. ஒரிஜினல் மார்க் ஷீட்ட வாங்கி பீரோல பூட்டி வச்சிக்கினாங்க. யார்னா கம்ப்ளெய்ண்ட் குடுத்தா அவங்கதான் மாட்டுவாங்க. என் போன எடுக்கவே மாட்றாங்க, நான் காட்டிக் குடுத்துடுவேன்னு பயம்."

"நான் நேரா போய் கேட்டா?"

"பின்னாடி படி வழியா எல்லாரையும் அனுப்பிடுவாரு மேம். அப்புறம் மார்க் ஷீட்டு வராது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கட் பண்ண நம்பருக்கு ரெண்டு, மூணு நாள் விட்டு வேற பொண்ண வுட்டு கூப்பிட சொல்லுவாங்க. ஃபாலோ-அப்பு. உங்களுக்கும் வரும்."

வெப்சைட்டில் சிரித்த பெண்

பிளேஸ்மெண்ட் ஆபீசர் பிரபாகர் நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். எல்லோரும் சொல்வதாலேயே எனக்கு அவர் மேல் ஒரு கண்.

"பொழிச்சலூர் கம்பெனிக்கு யாரை எல்லாம் அனுப்பினீங்க?"

"ஏன் மேடம்? நல்ல கம்பெனி. ஒப்பந்தம்லாம் போட்டிருக்கோம். கேக்காமலே இடம் குடுத்தாங்க."

"கேக்காமலே குடுத்தா உங்களுக்கு ஒண்ணும் தோணலையா சார்? நேர்ல போய்ப் பாத்தீங்களா?"

"வெப்சைட் பாத்தேன் மேடம்."

எனக்கும் காட்டினார். ஒரு வெள்ளைக்காரப் பெண் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எல்லாப் பற்களும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். பொழிச்சலூரில் அவளை யாரும் பார்த்திருக்க முடியாது.

நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. மாறியது பிள்ளைகளுக்காக இல்லை. "மேடம், இது வெளிய போனா அடுத்த வருஷம் எந்த கம்பெனியும் வராது. லிஸ்ட் எல்லாம் மேனேஜ்மெண்ட்டுகிட்ட இருக்கு. நீங்க உங்க கிளாஸ பாருங்க" என்றார். மோனிஷா சொல்லாமல் நின்றுவிட்டதாக அந்தக் கம்பெனியிலிருந்து புகார் வந்திருக்கிறது என்றும், அவளை நான் ஃபெயில் போட வேண்டியிருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அன்றைக்கு எனக்கு ஒன்று உறைத்தது. நாங்கள் இந்தப் பிள்ளைகளுக்கு மூன்று வருஷம் எப்படிக் கேட்டால் எதிராளி சரி என்பார் என்று சொல்லிக்கொடுத்தோம். 'முடியாது' என்று எப்படிச் சொல்வது என்று ஒரு வகுப்பும் எடுக்கவில்லை. பாடத்திட்டத்தில் அதற்கு இடமே இல்லை. எழுதியவர்கள் யாரோ, அவர்களுக்கு அது தேவைப்படவில்லை போலிருக்கிறது.

மறுபடியும் விமானச் சத்தம்

காத்திருந்தேன். குளிக்கும்போதுகூட போனை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் குளித்தேன். வந்தது எல்லாம் கிரெடிட் கார்டு வேண்டுமா, வீட்டு மனை வேண்டுமா என்கிற அழைப்புகள். ஒவ்வொன்றையும் கடைசி வரைக்கும் கேட்டேன். என் கணவர், "மனை வாங்கிடுவே போலிருக்கே" என்றார்.

பிறகு ஒரு காலை, டிபன் முடிந்த நேரம், வேறொரு நம்பர்.

"வணக்கம் மேடம். இப்ப பேசலாமா?"

அதே குரல். வேறு பெண் கூப்பிடுவாள் என்றுதானே மோனிஷா சொன்னாள்? ஒரு விநாடி அதற்கும் சந்தேகப்பட்டேன். பின்னால் விமானம் வந்தது. அவள் நிறுத்தினாள். அது போகும்வரை நானும் காத்திருந்தேன்.

"நான் யாருன்னு உனக்குத் தெரியும்," என்றேன். "பயப்படாத. நான் கேக்கறதுக்கு கஸ்டமர்கிட்ட பேசற மாதிரியே பதில் சொல்லு. பின்னாடி யாராவது நிக்கறாங்களா?"

"ஆமாங்க மேடம். கரெக்டா சொன்னீங்க."

"நம்ம காலேஜ் பொண்ணுங்க எத்தனை பேர் இருக்கீங்க?"

"அதுக்கு மூணு வொர்க்கிங் டேஸ் ஆகும் மேடம்."

"உன்னையும் சேத்தா?"

"எல்லாம் சேத்துதான் மேடம்."

அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. என்ன சாமர்த்தியம்! "வெளிய வரணுமா உங்களுக்கு?"

யாரோ செருப்பைத் தேய்த்து நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவளை அவசரப்படுத்தினால் போனை வைத்துவிடுவாள் என்று தோன்றியது.

"யோசிச்சு சொல்லும்மா. நான் அவசரப்படல."

"எவ்ளோ சீக்கிரம் முடியுமோ அவ்ளோ நல்லது மேடம்," என்றாள். குரல் இலேசாக உடைந்து, உடனே சரியானது.

"டீக்கு எப்ப விடுவாங்க?"

"பதினோரு மணிக்கு மேல ப்ராசஸ் ஆயிடும் மேடம்."

"சரி. மூணு பேரும் டீக்கு இறங்கற மாதிரி இறங்குங்க. பைய எடுக்காதீங்க, எடுத்தா அந்தாளுக்குத் தெரிஞ்சுடும். போன்லருந்து சிம்ம மட்டும் கழட்டிக்குங்க. கீழ பேக்கரில நான் இருப்பேன்."

"ஒரிஜினல் டாகுமெண்ட்ஸ் எங்ககிட்டதான் மேடம் இருக்கு," என்றாள் அவசரமாக.

"அது என் பாடு. நீ இறங்கி வா."

வழக்கப்படி அவள் கடைசி வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. "தேங்க்ஸ் மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

மோனிஷாவுக்குப் போன் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். முதலில் வந்த ஆட்டோவில் ஏறினேன். "பொழிச்சலூர் போப்பா."

குரோம்பேட்டை சிக்னலில்தான் அவர் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா, ரேட்டே கேக்காம குந்திக்கின?"

"நீ போப்பா. இறங்கறப்ப சண்டை போட்டுக்கலாம்."

இடையில் ஒரு விஷயம்

அந்த அலுவலகம் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெண்கள் பத்திரமாக வெளியே வந்த பிறகு, அன்று மதியமே மோனிஷாவையும் சேர்த்து நால்வரையும் பெற்றோரோடு அழைத்துப் போய்ப் புகார் கொடுத்தோம். நடந்தது எல்லாவற்றையும் அவர்களே சொன்னார்கள், கழற்றிய சிம்களையும் ஒப்படைத்தார்கள். மோனிஷாவின் அம்மா மீன் கூடையைப் பக்கத்துக் கடையில் விட்டுவிட்டு நேராக வந்தார். "எம்பொண்ணு தப்பு பண்ணல, தப்புன்னு தெரிஞ்சதும் வந்துடிச்சி, அத்த எழுதிக்கோங்க சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எழுதிக்கொண்டார்கள்.

போலீஸ் போனபோது மாடியில் பூட்டு தொங்கியது. மார்க் ஷீட்டுகள் சில நாள் கழித்துக் கல்லூரிக்குக் கூரியரில் வந்தன. அனுப்பியவர் முகவரி இல்லை. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அசல்தான். அந்த ஆள் வேறொரு மாடியில் வேறொரு போர்டு மாட்டியிருப்பான் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். விமானச் சத்தத்தோடு அழைப்பு வந்தால் இப்போதும் காதைத் தீட்டிக்கொள்கிறேன். பிரபாகர் சார், "நாங்க ஏற்பாடு மட்டும்தான் பண்ணோம்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மோனிஷாவுக்கு நான் ஃபெயில் போடவில்லை. ஏன் போடவில்லை என்று மேனேஜ்மெண்ட் விளக்கம் கேட்டது. வாயாலும் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். இரண்டுக்கும் பதில் வரவில்லை.

மறுபடி பேக்கரிக்கு வருகிறேன்.

பேக்கரியில்

மோனிஷா எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள். கையில் அதே டிபன் பை. நாங்கள் இரண்டு பேரும் வெண்ணெய் பிஸ்கட் ஜாடிகளுக்குப் பின்னால் நின்று, பக்கவாட்டில் இருந்த படிக்கட்டையே பார்த்தோம். பஃப்ஸ் தட்டு சூடாக வந்து இறங்கியது.

நேரம் போனது. மேலிருந்து யாரும் வரவில்லை. அவன் கேட்டுவிட்டானோ, பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டானோ, அந்தப் பெண்ணே என்னை நம்ப வைத்துவிட்டு மாட்டிக்கொண்டாளோ என்று என் புத்தி அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இல்லாத சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

முதலில் ஒரு ஜோடி செருப்பு தெரிந்தது. பிறகு இரண்டு. பிறகு மூன்று. டீ குடிக்கப் போகிறவர்கள் மாதிரி சாதாரணமாக இறங்கி, கடைக்குள் வந்ததும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் மோனிஷாவைக் கட்டிக்கொண்டார்கள்.

இரண்டு பேரை எனக்குத் தெரியும். நன்றாகப் பேசுகிறவர்கள். அந்தக் குரலுக்காக இவர்களையும் நான் நினைத்துப் பார்த்திருந்தேன். ஆனால் அவர்கள், "மேம்" என்று சொன்னபோதே தெரிந்துவிட்டது, இவர்கள் இல்லை. மூன்றாவது பெண் விலகிப் போய்க் கதவோரம் நின்றாள். ஒல்லியாக, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலையோடு. அவளை எங்கே பார்த்தேன் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

தலைக்கு மேல் ஒரு விமானம் போனது. ஜாடிகள் அதிர்ந்தன. அவள் வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, அது போகிற வரைக்கும் காத்திருந்தாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"அன்னிக்கி எந்த பேட்ச்னு கேட்டீங்கல்ல மேம்," என்றாள். "சி செக்‌ஷன். கடைசி பெஞ்சு, ஜன்னலாண்ட. பேரு சரண்யா."

"நீ நல்லாப் பேசறியே. எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"நான் அந்த சேர்ல ஒரு வாட்டி கூட உக்காந்ததில்ல மேம். டைம் முடிஞ்சிடும். மத்தவங்க பேசறத கேட்டுக்கினே இருப்பேன்."

"இன்னிக்கு வேற பொண்ணுதானே கூப்பிட்டிருக்கணும்?"

"உங்க நம்பரு இவளுக்குத்தான் வந்துச்சி," என்று பக்கத்தில் இருந்தவளைக் காட்டினாள். "நான்தான் கெஞ்சி மாத்தி வாங்கினேன். நீங்க என்னமோ சந்தேகப்பட்டுட்டீங்கன்னு தெரிஞ்சிச்சி மேம். எங்கள எப்டியாவது வெளிய கூட்டினு வருவீங்கன்னுதான் திரும்ப கூப்டேன்."

பேக்கரிக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். டீ நேரம் முடியும்வரை மேலே யாரும் தேட மாட்டார்கள் என்பதால் ஐந்து டீ சொன்னேன். சுவரோரம் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை இழுத்துச் சரண்யாவுக்கு முன்னால் போட்டேன். இன்னொன்றை அதற்கு எதிரே, முகம் பார்க்கிற மாதிரி போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்தேன்.

"உக்காரும்மா," என்றேன். "இப்ப நீ பேசு."